கதவை அடைக்கும் முன் ஒரு கேள்வி

கேரளத்தின் கோட்டயம் மாவட்டம், வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய ஊர் வைக்கம். அங்குள்ள மகாதேவர் கோயிலில் இரவுப் பூசைகள் எல்லாம் முடிந்தபின் நடைபெறும் கடைசிக் காரியம், சந்நிதிக்குள் இல்லை, வாசலில் நடக்கிறது. கோயில் ஊழியர் ஒருவர் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாகப் போவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, வெளியே தெரியும் இருட்டைப் பார்த்து உரக்கக் கேட்பார்: "அத்தாழப் பட்டிணிக்காருண்டோ?"

அத்தாழம் என்றால் இராச்சாப்பாடு. இராச்சாப்பாடு இல்லாமல் யாராவது பட்டினியாக இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. இருந்தால் அவருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் கதவை அடைக்க வேண்டும். கோயிலில் மட்டும் இருந்த வழக்கம் இல்லை இது. பழைய மலையாளத் தறவாடுகளில் படிப்புரை என்னும் வெளிவாசலைச் சாத்துவதற்கு முன்பும் வீட்டார் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வழிப்போக்கர் யாராவது திண்ணையோரம் ஒதுங்கியிருக்கலாம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படலாம். அதனால் வீட்டுக்காரரே கேட்டுவிடுவார்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாகத் தோன்றாது. குறுந்தொகையில் நன்னாகையார் பாடிய ஒரு சிறிய பாட்டில் இது வருகிறது. மாலை மயங்கிவிட்டது, பறவைகளும் விலங்குகளும் அடங்கிவிட்டன. பலரும் வந்து போகிற பெரிய வாசலை அடைக்கப் போகிறார்கள். அதற்குமுன், உள்ளே வர வேண்டியவர்கள் இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று காவலர் கேட்கிறார்கள். தலைவி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அழைப்பு எல்லோருக்கும் பொதுவாகப் போகிறது; அவள் காத்திருக்கிற ஒருவன் மட்டும் வரவில்லை. இவ்வளவுதான் பாட்டு. காதலின் ஏக்கத்தைச் சொல்ல வந்த கவிஞர், அந்தக் காலத்து வீட்டு வழக்கம் ஒன்றையும் போகிற போக்கில் பதிந்து வைத்துவிட்டார். விளக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குத் தெரிந்த வழக்கம் என்பதால்தான் சொல்லவில்லை.

சேர நாட்டுக் கோயில் வாசலில் கேட்கும் குரலும் சங்கப் பாட்டில் கேட்கும் குரலும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று ஆவணம் காட்டி நிறுவ முடியாது. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற யாருக்கும் மனம் ஒரு கணம் நின்றுதான் போகும்.

'விருந்து' என்ற சொல்லுக்கு இன்று வடை பாயசம் என்று பொருளாகிவிட்டது. பழைய தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் செய்யுளின் வனப்பு எட்டில் ஒன்றாக விருந்தைச் சொல்வதும் அந்தப் புதுமைப் பொருளில்தான். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்தினர். சொந்தக்காரர், தெரிந்தவர் என்பதெல்லாம் அந்தச் சொல்லின் பிற்காலத்து விரிவு. முன்பின் பார்த்திராத ஒருவரை வீட்டுக்குள் விடுவது எப்போதுமே கொஞ்சம் துணிச்சல் வேண்டிய காரியம். அந்தத் துணிச்சலைத்தான் தமிழர்கள் அறம் என்றார்கள்.

திருக்குறளின் அதிகார வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ஐந்தாவது இல்வாழ்க்கை, ஆறாவது மனைவி, ஏழாவது பிள்ளைகள், எட்டாவது அன்புடைமை. ஒன்பதாவதாக வருகிறது விருந்தோம்பல். அதற்கடுத்தது இனியவை கூறல். வீட்டுக்குள்ளே மனைவியிடமும் மக்களிடமும் பழகிய அன்பு, வாசலைத் தாண்டி முகம் தெரியாதவரிடம் போய்ச் சேர்கிற பாதை அது. விருந்தோம்பலை வள்ளுவர் துறவிகளின் கடமையாகவோ அரசனின் கடமையாகவோ வைக்கவில்லை. அடுப்பு எரிகிற வீட்டின் நடுவில் வைத்தார்.

சிலப்பதிகாரத்துக் கண்ணகி மதுரையில், மாதரியின் அடைக்கலத்தில், கோவலனுக்குச் சோறு போட்டுவிட்டு அவனிடம் தன் குறையைச் சொல்கிறாள். நீ பிரிந்திருந்த காலத்தில் அறவோருக்குக் கொடுக்கவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் முடியாமல் போனதே என்பதுதான் அவள் வருத்தம். அணிகலன் போனது, ஊர் சிரித்தது என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. கணவன் இல்லாத வீட்டில் அந்த உரிமை மனைவிக்கு இல்லை என்ற வழக்கத்தின் கொடுமையும் அந்தப் பேச்சில் சேர்ந்தே தெரிகிறது.

இதன் மறுபக்கத்தை மணிமேகலை சொல்லும். மழை பெய்கிற ஒரு நள்ளிரவில் பசியோடு சிலர் வந்து ஆபுத்திரனை எழுப்புகிறார்கள். கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. அப்போதுதான் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை அவனுக்குத் தருகிறாள். பிறகு நாடு செழித்துப் பசியே இல்லாமல் போய்விட, சாப்பிட ஆளைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். கடைசியில் மணிபல்லவத் தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. உண்ண இன்னொருவர் இல்லாத இடத்தில் தான் மட்டும் உண்ண மனம் ஒப்பாமல் உயிரை விடுகிறான். பாத்திரம் கையில் இருந்தும், கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாததால் செத்துப்போன ஒருவனை வேறெந்தக் காவியமும் இவ்வளவு பரிவோடு பேசியிருக்குமா தெரியவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடியபோது, வாசலுக்கு வருகிறவர் சிவனடியார் என்றும், அடியார் வடிவில் வருவது சிவனே என்றும் கதை முற்றிவிட்டது. அவற்றில் இளையான்குடி மாறனார் கதை தனி. இன்றைய சிவகங்கை மாவட்டத்து இளையான்குடிதான் அந்த ஊர். வருகிறவருக்கெல்லாம் படைத்துப் படைத்துச் செல்வம் கரைந்துபோன வேளாளர் அவர். ஒரு மழை இரவு. கணவனும் மனைவியும் பசியோடு இருக்கிறார்கள். கதவு அடைத்தாயிற்று. அப்போது வெளியே ஒரு குரல்.

கதவைத் திறந்து, நனைந்து வந்தவரின் ஈரத்தைத் துடைத்து உட்காரவைத்தாகிவிட்டது. சோற்றுக்கு என்ன செய்வது? வழி சொல்பவள் மனைவி. கடன் கொடுக்க இனி யாருமில்லை. பகலில் வயலில் விதைத்த நெல் தண்ணீரில் மிதந்து ஒதுங்கியிருக்கும், அதை வாரிக்கொண்டு வந்தால் ஆக்கிப் போடலாம் என்கிறாள். அவர் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாத இருட்டில் காலால் தடவித் தடவி வயலுக்குப் போகிறார். வாரிக் கொண்டுவந்த நெல்லைச் சேறு போகக் கழுவுகிறாள். விறகு இல்லை என்கிறாள். அவர் கூரையின் வரிச்சை வெட்டித் தள்ளுகிறார். நெல்லை வறுத்துக் குத்தி உலையில் இடுகிறாள். கறிக்கு என்ன? கொல்லைக் குழியில் முளைத்து இன்னும் குழி நிரம்பாத இளங்கீரையைப் பறித்துக் கொண்டுவருகிறார். அந்த ஒரு கீரையையே அவள் வெவ்வேறு கறியாகச் சமைக்கிறாள்.

அடுத்த போகத்துக்கான விதையும் போயிற்று. தலைக்கு மேலிருந்த கூரையும் போயிற்று. சாப்பிட எழுந்திருங்கள் என்று அழைத்தபோது விருந்தாளி சோதியாகிவிட்டார் என்று முடிகிறது கதை. சோதியைப் பாடியவர்கள் பலர். ஆனால் சேக்கிழாரின் கண் அதற்கு முந்தைய ஒவ்வோர் அசைவிலும் நிலைத்திருப்பதுதான் இந்தக் கதையின் பெருமை. சோழ அரசவையில் அமைச்சராக இருந்தவர், ஓர் ஏழை வீட்டின் அடுப்படியை இவ்வளவு கிட்ட நின்று பார்த்திருக்கிறார். கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லாமல், 'இது இல்லை' என்றதும் 'இதோ' என்று எடுத்துக் கொடுத்துக்கொள்கிறார்களே, அந்த இணக்கத்தில்தான் தெய்வம் முதலில் வீட்டுக்குள் வந்தது என்று படிக்கிறவருக்குத் தோன்றும்.

வீட்டால் தாங்க முடியாத அளவுக்கு வழிப்போக்கர் பெருகியபோது சத்திரங்கள் வந்தன. தஞ்சை மராட்டியர் காலத்தில் இராமேசுவரம் போகிற பாதை நெடுக அவை இருந்தன. காசியிலிருந்து கால்நடையாக வருகிற யாத்திரிகர் பலர். சத்திரங்களில் பெரும்பாலானவை அரண்மனைப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம். முத்தாம்பாள், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரியவர். சாகும் தறுவாயில் தன் பெயரில் ஓர் அன்னசத்திரம் வேண்டும் என்று கேட்டார் என்றும், அவர் விருப்பப்படியே 1802-ல் சரபோஜி அதைக் கட்டினார் என்றும் சொல்வார்கள்.

1799-ல் தஞ்சையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனது. சத்திரங்களின் மானிய நிலங்களுக்கும் ஆபத்து வந்துவிடுமோ என்ற அச்சத்தில் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் மரியாதை, தன் படி, தன் கோட்டை என்பவற்றைவிட அந்தக் கடிதத்தில் அவர் வாதாடுவது சத்திரங்களுக்காக. அங்கே என்னென்ன நடக்கிறது என்று ஒரு வீட்டுக்காரர் சொல்வதுபோல அடுக்கிக்கொண்டு போகிறார். எல்லாச் சாதியாருக்கும், எல்லாவகைப் பரதேசிகளுக்கும் சோறு. ஆக்கிய சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் மளிகையும். நோயில் விழுந்த வழிப்போக்கருக்கு மருந்தும் பத்தியமும், குணமாகும்வரை கவனிப்பும். பெற்றோரை இழந்த பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு மூன்று வேளை சோறு, எண்ணெய்க் குளியல், படிப்பு. வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு மருத்துவம், பிறகு மூன்று மாதம் வரை அங்கேயே தங்க இடம்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு செய்தி வருகிறது. நள்ளிரவு வரைக்கும் சோறு போட்டுக்கொண்டே இருப்பார்களாம். அப்புறம் மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று கூவி அழைப்பார்களாம்.

நன்னாகையார் கேட்ட அதே கேள்வி, இம்முறை வெண்கல மணியின் நாக்கில்.

நாளெல்லாம் நடந்து, கால் வீங்கி, சத்திரத்து மூலையில் துண்டை விரித்துப் படுத்தவர் அப்படியே தூங்கிப்போயிருப்பார். அவரை நினைத்துக்கொண்டு ஒருவர் மணி அடிக்கிறார். அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருந்த சமையற்காரருக்கும் அந்த நேரம் கண் சொக்கியிருக்கும். இன்னும் ஒரு பந்திக்கு எழுந்து நிற்க வேண்டும். சத்திரத்து வரலாற்றில் மன்னர்களின் பெயர் இருக்கிறது, அரசிகளின் பெயர் இருக்கிறது. அந்த மணியை அடித்தவர் பெயர் எங்கும் இல்லை.

1861-ல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. நடந்து போகிற யாத்திரிகர் குறைந்தார்கள். மெல்ல மெல்லச் சத்திரத்துப் பந்திகளும் குறைந்தன.

கதவு அடைபட்ட வீட்டுக்கு வெளியே பசியோடு படுத்துக் கிடந்த ஒருவரின் கதை இனி. சென்னை ஏழுகிணறு, வீராசாமிப் பிள்ளை தெரு. பிற்காலத்தில் வள்ளலார் எனப்பட்ட இராமலிங்கம் 1823-ல் மருதூரில் பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்து, அண்ணன் சபாபதியின் வீட்டில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போகாமல் கோயிலும் பாட்டுமாகத் திரிகிற தம்பிமேல் அண்ணனுக்குக் கோபம். அவனுக்கு இனி வீட்டில் சோறு போடாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவனுக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக வரச்சொல்லிச் சோறு போட்டு வந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு திதி நாளில், வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு, மறைவாக வந்து உண்கிற பிள்ளையைப் பார்த்து அந்த அம்மாள் கண்ணீர் விட்டாராம். அதைப் பார்த்துத்தான் பையன் படிப்பதாக ஒப்புக்கொண்டானாம்.

பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவது இது. இராமலிங்கம் நாள்தோறும் திருவொற்றியூருக்கு நடந்துபோய்த் தியாகராசரையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டுத் திரும்புவார். ஒரு நாள் இரவு நேரமாகிவிட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டி எழுப்ப மனமில்லை. பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணி தட்டில் சோறு கொண்டுவந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்து, ஏன் தம்பி இப்படிப் பட்டினியாகப் படுத்திருக்கிறாய், உள்ளே வந்து சாப்பிடு என்றார். இப்போதுதானே அண்ணி நீங்கள் சோறு கொடுத்தீர்கள் என்றார் அவர். நான் வரவே இல்லையே என்றார் அண்ணி. வந்து போனது வடிவுடையம்மன் என்று அப்போது புரிந்தது.

பக்தர்கள் இதை அற்புதம் என்பார்கள். அற்புதத்தை நம்பாதவரும் இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. தெய்வம் எந்த வடிவிலும் வந்திருக்கலாம். அண்ணி வடிவில் வந்தது. கொல்லைப்புறத்தில் கண்ணீரோடு சோறு போட்ட அந்த முகம்தான் அவருக்குத் தெரிந்த தெய்வ முகம். கதையில் அம்மன் போன பிறகும் அண்ணி வருகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். உண்மையான அண்ணியும் அர்த்த ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு சோற்றோடுதான் வந்தார்.

அந்தத் திண்ணையை இராமலிங்கர் மறக்கவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. பிற்காலத்தில் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் ஒன்பது ஆண்டுபோல விருந்தாளியாகத் தங்கியிருந்தார். 1867 மே 23 அன்று, வழிகள் கூடுகிற வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். சுமார் 21 அடி நீளத்தில் அடுப்பு அமைத்தார்கள். அன்று மூட்டிய நெருப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. 'அணையா அடுப்பு' என்றே அதற்குப் பெயர். இன்றும் மூன்று வேளையும் வருகிறவர்களுக்குச் சோறு உண்டு.

'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலில் வள்ளலார் பசியைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கிறவர்கள், பட்டினி கிடந்து பார்த்தவர் எழுத்து என்று உடனே உணர்வார்கள். பசி ஏற ஏற உடம்பில் என்னென்ன தளரும், கண் எப்படி இருளும், காது எப்படி அடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பசித்தவர் வந்தால் எந்த ஊர், என்ன சமயம், என்ன சாதி, என்ன நடத்தை என்று விசாரிக்கக் கூடாது என்கிறார். சத்திரங்கள் எல்லாருக்கும் சோறு போட்டன. ஆனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்ற கணக்கை அவை விடவில்லை. வள்ளலார் கேள்வியையே எடுத்துவிட்டார். பசியாறியவரின் அகத்திலும் முகத்திலும் வருகிற தெளிவைக் கடவுள் விளக்கத்தின் ஒரு துளி என்றே கருதினார். சோறு போட்டவருக்குப் புண்ணியம் என்று மட்டும் சொல்லி அவர் நிற்கவில்லை. கடவுளைப் பார்க்க வேண்டுமா, எதிரே இலையில் உட்கார்ந்து உண்டு முடித்தவன் முகத்தைப் பார் என்றார். அதைவிட எளிய தரிசனம் எந்தச் சந்நிதியிலும் கிடையாது.

வைக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த வாசல் கேள்விக்கு ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

'பிராதல்' என்று சொல்லப்படும் விருந்து வைக்கத்தப்பனுக்கு உகந்த வழிபாடு. அன்னதானப் பிரபு என்றே அவரைச் சொல்வார்கள். வில்வமங்கலத்துச் சுவாமியார் ஒரு நாள் வந்து பார்த்தபோது கருவறையில் இறைவன் இல்லை என்றும், தேடிப் போனால் ஊட்டுப்புரை என்னும் உணவுக்கூடத்தில், பந்தியில் ஒரு முதிய பிராமணராக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றும் தலக்கதை. அந்த இடத்தில் இன்றும் விளக்கேற்றி ஓர் இலை போடுகிறார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரராகக் கடவுள் வந்து உட்கார்ந்தார் என்பது அழகான கற்பனை. ஆனால் அவர் வந்து உட்கார்ந்த அந்தப் பந்தியில் அப்போது யார் யாருக்கு இலை போட்டார்கள்?

கோயிலைச் சுற்றிய தெருக்களில் பலகைகள் நின்றன. ஈழவரும் புலையரும் மற்றத் தாழ்த்தப்பட்டவர்களும் அதற்கு மேல் வரக் கூடாது. 1924 மார்ச் 30 அன்று குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்ற மூவர், ஒரு புலையர், ஓர் ஈழவர், ஒரு நாயர், கைகோத்துக்கொண்டு அந்தப் பலகையை நோக்கி நடந்தார்கள். கைதானார்கள். தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனபின் ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து பொறுப்பேற்று இருமுறை சிறை சென்றார். நாகம்மையாரும் மற்றப் பெண்களும் களத்தில் நின்றார்கள். பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து தொண்டர்களுக்காக இலவச அடுக்களை ஒன்றைத் திறந்தார்கள். சாதி பாராமல் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற அவர்களது லங்கர், அன்னதானப் பிரபுவின் ஊரில் வெளியார் வந்து நடத்த வேண்டியிருந்தது. வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி கருதியதால் அது விரைவில் மூடப்பட்டது. அந்த ஆண்டு பெரும் வெள்ளம் வந்தபோதும் தொண்டர்கள் தண்ணீரில் நின்றபடி மறியலைத் தொடர்ந்தார்கள்.

பட்டினிக்காரர் உண்டோ என்று கேட்கிற குரல் எட்டும் தூரத்தில், உண்டு என்று சொல்லிக்கொண்டு வர முடியாதபடி ஒரு பலகை. ஒரு மரபின் மிக அழகான வழக்கமும் மிகக் கொடிய வழக்கமும் இவ்வளவு நெருக்கத்தில் நின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

1925 மார்ச்சில் காந்தி வைக்கம் வந்தார். பழமை பேசியவர்களின் தலைவரான இண்டன்துருத்தி நம்பூதிரியைச் சந்திக்க அவர் மனைக்கே போனார். பிராமணர் அல்லாதவர் என்பதால் காந்தியை வீட்டுக்குள் அழைக்கவில்லை. வெளியே அமர்த்திப் பேசினார்கள். 'அதிதி தேவோ பவ', விருந்தினரைத் தெய்வமாகக் கொள் என்று ஓதத் தெரிந்த வீடு அது. 1925 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டில் மூன்று தெருக்கள் திறந்தன; கிழக்குத் தெரு முழுதும் திறக்கவில்லை. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் வாசல் எல்லாருக்கும் வாசலானது. இண்டன்துருத்தி மனை இப்போது கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம். அன்று தெருவில்கூட நடக்கக் கூடாது என்றிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்.

சாதியைக் காத்ததும் அதை உடைத்ததும் சாப்பாட்டு இலைதான் என்பதைத் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கே காட்டிக்கொடுக்கும். "அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்றால் உறவு அறுந்தது என்று பொருள். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைக்காத வழக்கம் பல ஊர்களில் உண்டு. பத்து வருடப் பகை தீர்ந்ததை ஊருக்கு அறிவிப்பதும் கை நனைத்துத்தான்: பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், பஞ்சாயத்துப் பேச்சு தேவையில்லை.

பழைய வீடுகளில் இராத்திரிச் சோற்றுப் பானையை வழித்து வைக்க மாட்டார்கள். ஒரு கைப்பிடியாவது மிச்சம் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். கேட்டால் பானை காலியாக இருக்கக் கூடாது, இலட்சுமி இருக்க மாட்டாள் என்பார்கள். கடைசி பஸ்ஸில் இறங்கி வருகிற மச்சானுக்கும் அந்தக் கைப்பிடிதான். வெளியூர் போகிறவர் 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வழியனுப்புகிறவரும் 'போய்ட்டு வாங்க' என்பார். திரும்பி வருவதற்கான இடத்தை அந்தச் சொல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறது.

வைக்கத்து அஷ்டமி விழாவுக்கு விருச்சிக மாதத்தில் பெருங்கூட்டம் கூடும். போருக்குப் போன மகன் உதயனாபுரத்து முருகன் திரும்பி வருவதற்காகத் தகப்பன் காத்திருக்கும் நாள் அது என்பது நம்பிக்கை. ஊருக்கெல்லாம் படியளக்கிறவர் மகனை நினைத்து அன்று உண்ணாமல் இருக்கிறார். வாத்திய முழக்கம் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் கிழக்கே போய் நின்று வழிபார்க்கிறார். மகன் வந்ததும் தீவட்டிகள் எரிகின்றன, மேளம் முழங்குகிறது. தான் நிற்கிற இடத்தைத் தகப்பன் மகனுக்கு விட்டுக்கொடுக்கிறார். பிறகு விடைபெறும் நேரம் வரும்போது நாகஸ்வரத்தில் ஒலிக்கிற சோக ராகத்தைக் கேட்டு, நின்றிருக்கிற கூட்டம் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. அயல்நாட்டில் வேலை செய்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர்.

அங்கிருந்து திரும்புகிறவர்கள் கையில் ஒரு சிறு பொட்டலம் இருக்கும். வைக்கத்தில் தருகிற பிரசாதம் திருநீறு. ஆனால் வழக்கமான திருநீறு இல்லை. கோயிலின் பெரிய அடுக்களையில், விருந்துக்குச் சோறு வெந்த அடுப்பின் சாம்பல். வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்து, தூங்காமல் காத்திருந்த பிள்ளையின் நெற்றியில் ஒரு விரலால் இழுத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள்.